சொல்லுக்கு நாற்பது காசு: இணைய எழுத்துக் கூலியும் சட்டமும்

வட மாவட்டம் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் முதுகலை முடித்த இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என் அலுவலகத்திற்கு வந்தார். இணைய உள்ளடக்க நிறுவனம் ஒன்றுக்குச் சொல்லுக்கு 40 காசு வீதம் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தவர். கடைசியாக ஒப்படைத்த 62,000 சொற்களுக்கு வரவேண்டிய 24,800 ரூபாயில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. 'இவற்றை இயந்திரம் எழுதியிருப்பதாக எங்கள் மென்பொருள் காட்டுகிறது' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை. நிராகரிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அதே கட்டுரைகள் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளங்களில் வேறு பெயர்களில் வெளியாகியிருந்தன.

இவ்வளவு குறைந்த கூலிக்கு ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "அங்கே யாரும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை தோழர்" என்றார்.

இப்பதிலை எளிதாகக் கடந்துவிட இயலாது. பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்பது தமிழ்நாட்டின் பெருமை. ஆனால் ஊரையும் தெருவையும் விசாரித்துச் சாதியைத் தெரிந்துகொள்ளும் வழக்கம் நேர்காணல் அறைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்ததற்கும் முகவரியே சாதிச் சான்றாக இருப்பதுதான் காரணம். ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிய சுக்தேவ் தோரட், பால் அட்வெல் ஆய்வு 2007இல் வெளிவந்தது. தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. ஊடகத்துறையை ஆராய்ந்த ஆக்ஸ்பாம் இந்தியா, நியூஸ்லாண்ட்ரி அறிக்கை 2019இல் வெளியானது. அது கணக்கிட்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106 ஆதிக்க சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

இப்படிப்பட்ட சூழலில், பெயரும் முகமும் கேட்காமல் வேலை தரும் ஓர் இடம் விடுதலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நகரத்தில் வாடகை கொடுத்துத் தங்க வேண்டியதில்லை. வீடு கிடைக்காமல் அலைய வேண்டியதில்லை. கல்லூரிக் கட்டணத்தை இவ்வெழுத்தைக் கொண்டே கட்டிய மாணவிகளை எனக்குத் தெரியும். இதைச் 'சுரண்டல்' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கித் தள்ளுபவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குபவர்கள்.

ஆயினும் யாரும் பெயர் கேட்காத அதே இடம்தான் எழுதியவரின் பெயரையும் போடுவதில்லை. இரண்டாண்டுகள் இரவு பகலாக எழுதிய நம் இளைஞர் ஒரு நாளிதழில் வேலை கேட்டுச் சென்றபோது, தம்முடையது என்று காட்ட ஒரு கட்டுரையும் இல்லை. பரிந்துரைக்க மாமனும் மச்சானும் ஆசிரியர் குழுவில் இருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பன்று. நமக்கு எழுத்து ஒன்றே சான்று. நிறுவனத்திற்கு அவருடைய சாதி தெரியாது என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கு இவ்வழக்கில் இடமில்லை. ஆனால் முதுகலைப் பட்டதாரி ஒருவர் 40 காசுக்கு எழுத வேண்டிய இடத்திற்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதில் சாதிக்குப் பங்குண்டு. அதை எந்தப் பிரிவின் கீழும் மனுவாக்க முடியாது.

சட்டம் இவரை எப்படிப் பார்க்கிறது? தொழிலாளியாகப் பார்ப்பதில்லை. ஆகவே குறைந்தபட்சக் கூலி இல்லை, வருங்கால வைப்பு நிதியும் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 'கிக்' தொழிலாளர்களை முதன்முறையாக வரையறுக்கிறது. அதன் ஏழாம் அட்டவணையில் 'உள்ளடக்கம் மற்றும் ஊடகச் சேவைகள்' இடம்பெற்றுள்ளன. இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் இக்கடமை விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் இடைத்தளங்களுக்கே உரியது. கட்டுரையைத் தானே வாங்கி விற்கும் நிறுவனம், 'நாங்கள் இடைத்தளம் அல்ல' என்று நழுவிக்கொள்ள வழியிருக்கிறது.

நம் இளைஞருக்குக் கை கொடுத்தது தொழிலாளர் சட்டமன்று, பதிப்புரிமைச் சட்டம், 1957. பணி ஒப்பந்தத்தின் கீழ் எழுதும் ஊழியரின் எழுத்து முதலாளிக்குச் சொந்தம். ஊழியர் அல்லாதவரின் எழுத்துக்கு எழுதியவரே முதல் உரிமையாளர் என்பது 17ஆம் பிரிவின் சாரம். அவ்வுரிமை கைமாற, எழுதியவர் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான ஆவணம் வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. நிறுவனம் இவரிடம் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. தம்மை ஊழியர் என்று ஏற்றுக்கொள்ளாத நிறுவனம், அக்காரணத்தாலேயே கட்டுரைகளுக்கு உரிமை கோர முடியாமல் நிற்கிறது. 'பணத்தைக் கொடுங்கள், இல்லையேல் 62,000 சொற்களையும் அகற்றுங்கள்' என்று அறிவிப்பு அனுப்பினோம். பல நிறுவனங்கள் இவ்வளவு கவனக்குறைவாக இருப்பதில்லை. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானுக்குப் பின்னால் எல்லா உரிமைகளையும் எழுதி வாங்கிவிடுகின்றன. அதை அழுத்துமுன் முழுவதும் படியுங்கள். உரிமையை மாற்றித் தந்த பிறகும், எழுதியவர் நானே என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி எஞ்சியிருக்கிறது. பெயர் கேட்க மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதித் தந்தால் அது எதுவரை செல்லும் என்பது வாதாட வேண்டிய ஒன்று.

இன்னொரு கருவியைப் பலர் அறியாதிருக்கிறார்கள். எழுத்துப் பணியைக் குறுந்தொழிலாக 'உத்யம்' தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, பதிந்தவரின் பணத்தை 45 நாட்களுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி. வேலையை ஏற்குமுன்பே பதிந்துவிடுங்கள். தகராறு வந்தபின் பதிவது சிக்கலை உண்டாக்கும். நம் இளைஞர் பதிந்திருக்கவில்லை.

வழக்குக்குப் பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது.

அறிவிப்புக் கிடைத்த மூன்றாம் வாரத்தில் நிறுவனம் 15,000 ரூபாய் தர முன்வந்தது. இளைஞர் மறுத்துவிட்டார். முழுத் தொகையோடு, கட்டுரைகளை எழுதியவர் இவரே என்று ஒரு கடிதமும் வேண்டும் என்கிறார். பணத்தைத் தந்துவிடுகிறோம், கடிதம் மட்டும் இயலாது என்பது நிறுவனத்தின் இப்போதைய நிலை. இக்கட்டுரையில் தம் பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்; அடுத்த நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.