விட்டுப்போன துக்கம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய தோட்டங்கள் எங்கே இருந்தன என்று தெரிந்துகொள்ள வரைபடம் தேவையில்லை. தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையைப் படித்தாலே போதும். பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி, ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ் தமிழ்ப்பள்ளி, சுபாங் ஜெயாவில் சீபீல்ட் தமிழ்ப்பள்ளி. மரமும் லயமும் போய்விட்டன. பெயர் மட்டும் நிற்கிறது.

சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீபீல்ட் தோட்டம்தான். 1976இல் வீடமைப்பு வேலை தொடங்கியது. 1980களின் இறுதியில் யுஎஸ்ஜே பக்கமும் விரிந்தது. 2020 அக்டோபரில் நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமாக உயர்ந்தது. அங்கே இன்று நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். வளர்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தோட்டம் மூடப்படும்போது வேலையும் வீடும் மட்டும் போவதில்லை. பக்கத்து வீடும் போகிறது. அதற்கு யாரும் இழப்பீடு கணக்குப் போட்டதில்லை.

லயத்தில் பக்கத்து வீடு என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் சுடுதண்ணீர் வைப்பார்கள். ரஜூலா போன்ற கப்பல்களில் வந்து இறங்கியவர்களின் ரத்த சொந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரே மாமா ஆனார், அவர் மனைவி அத்தை ஆனார். பிள்ளை பிறந்தாலும், பெண் சடங்கானாலும், சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஓர் அத்தை இருந்தார். அம்மாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது நாங்கள் கிள்ளானுக்குப் போனோம். அவர்கள் பூச்சோங் பக்கம் போனார்கள். சில ஆண்டுகள் கல்யாணங்களில் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு குடும்பமும் வாடகை வீடு மாறி மாறி, வீட்டுத் தொலைபேசி எண்ணும் மாறி, பேச்சு நின்றுபோனது.

2012இல் அப்பா தவறினார். அத்தை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. “பத்திரிகையில் போட்டோமே, பார்க்காமலா இருப்பார்கள்?” என்று அம்மா ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெயரையே அவர் எடுக்கவில்லை. நம் ஆட்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. கல்யாணத்துக்கு வராதவர்களை மன்னித்துவிடுவார்கள்; சாவுக்கு வராதவர்களை மன்னிக்க மாட்டார்கள்.

தோட்டம் போனாலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஆட்கள் வருகிறார்கள். போன வருடத் திருவிழாவில், அன்னதான வரிசையில் நின்ற ஒருவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து, “நீங்க மூணாவது லயம்தானே?” என்று கேட்டார். அத்தையின் இரண்டாவது மகன். அத்தை அவரோடுதான் சுபாங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாராம். மாமா 2016இலேயே காலமாகிவிட்டாராம். “உங்களுக்குச் சொல்லி அனுப்பினோம். நீங்க வரலைன்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் வருத்தம்” என்றார்.

அங்கேயும் அதே கதைதான். இரண்டு வீட்டிலும் சாவு. இரண்டு வீட்டிலும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கை. இரண்டு வீட்டிலும் ஒரே கோபம். கிள்ளானிலிருந்து கேடிஎம் ஏறினால் வண்டி மாறாமல் சுபாங் ஜெயாவில் இறங்கலாம். அவ்வளவுதான் தூரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, முழங்கால் வலி வேறு. கதவைத் திறந்ததும் “வாங்க” என்று சொல்லவில்லை. அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அண்ணன் போயிட்டாராமே” என்று அழ ஆரம்பித்தார். அம்மாவும் மாமாவைச் சொல்லி அழுதார். ஏன் வரவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. பல வருடம் தள்ளி, இரண்டு பேரும் அன்றுதான் துக்கம் விசாரித்தார்கள். அத்தையின் பேத்தி, ஐடி துறையில் வேலை செய்யும் பெண், என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

அழுது ஓய்ந்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. பெரட்டுக்களத்தில் யார் தினமும் தாமதமாக வருவார், எந்தக் கிராணி பால் எடையில் கண்டிப்பு, என் அப்பா மாமாவிடம் சைக்கிள் ஓட்டக் கற்று எங்கே விழுந்தார் என்றெல்லாம் பேசினார்கள். அப்பாவுக்கு இருபத்து மூன்று வயதில் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அம்மாகூட அதைச் சொன்னதில்லை. நம் பெற்றோரின் இளமைக்குச் சாட்சி சொல்ல நம்மால் முடியாது. அவர்களோடு வாழ்ந்தவர்களால்தான் முடியும். அந்தச் சாட்சிகள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் பெரியவரிடம், “தோட்டத்தில் உங்களுக்கு ரொம்ப நெருக்கமானவர் யார்? அவர் இப்போது எங்கே?” என்று கேளுங்கள். பதில் வந்தால் தேடுங்கள். கோயில் நிர்வாகத்தில் கேட்கலாம். பழைய மாணவர்களின் புலனக் குழுவில் ஒரு வரி போடலாம். ஆள் கிடைத்தால் காணொளி அழைப்போடு நிறுத்திவிட வேண்டாம். காது கேட்காதவர்களுக்குக் கையைப் பிடிப்பதுதான் பேச்சு. காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுங்கள். இரண்டு மணி நேரமாவது அவசரப்படுத்தாமல் இருங்கள்.

இன்னொன்று: கல்யாண அழைப்பிதழ் கொடுக்க நாம் வைத்திருக்கும் பட்டியலைப் போல, துக்கச் செய்தி சொல்லவும் ஒரு பட்டியல் வேண்டும். பெரியவர்கள் தெளிவாக இருக்கும்போதே பெயரையும் எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். அம்மாவின் பட்டியலை இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். முதல் எண் சுபாங் ஜெயா எண்தான்.