மருந்தின் விலையும் உழைப்பாளியின் உயிரும்

புற்றுநோய் வந்தால் தலைவிதி என்று கைவிட்ட காலம் போய்விட்டது. இன்று வைத்தியம் இருக்கிறது. உழைப்பாளியின் கையில்தான் பணமில்லை. இந்த அநியாயத்தைப் பற்றியே நாம் பேச வேண்டியிருக்கிறது.

பேச்சிப்பாறைக் கால்வாயின் கரையை வெட்டி ஒருவன் திருட்டு மடை வைத்தால் அவன் வயல் கொழிக்கும், கடைமடை காயும். புற்றுநோய்க் கட்டியும் இதையே செய்கிறது. புதிய ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வளர்கிறது. அந்த மடையை அடைத்தால் கட்டி வளராது என்று 1971-இல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க டாக்டர் ஜூடா ஃபோக்மன்.

அந்த வழியில் வந்த மருந்துகளில் ஒன்று சோராஃபெனிப். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குத் தரும் மாத்திரை. நோயை வேரோடு பிடுங்காது. ஆயுளைச் சில மாதங்கள் நீட்டும். ஜெர்மன் ஏகபோகக் கம்பெனியான பேயர் இதற்கு நம் நாட்டில் வைத்த விலை மாதம் 2,80,428 ரூபாய்! தோவாளையில் நாற்று நடும் பெண்ணும் ஆரல்வாய்மொழி மில் தொழிலாளியும் அன்றைய கூலியில் ஆண்டு முழுதும் உழைத்தாலும் ஒரு மாத மாத்திரைக்குக் காணாது.

மருந்து செய்ய அவ்வளவு செலவா? இல்லவே இல்லை. 2012 மார்ச் 9-இல் பேடண்ட் சட்டத்தின் 84-வது பிரிவின்படி ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய லைசென்ஸ் வழங்கப்பட்டது. அன்று அதன் விலை மாதம் சுமார் 8,800 ரூபாய்! ஆண்டுக்கு 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தரவும் நிபந்தனை. பேயர் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று; 2014-இல் அங்கும் தோற்றது.

ஆனால் 2013-இல் ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு இதே லைசென்ஸ் கேட்ட மனு தள்ளப்பட்டது. திறந்த கதவு மறுபடி சாத்தப்பட்டது.

"கொள்ளை லாபம் இல்லாவிட்டால் ஆராய்ச்சி ஏது?" என்று கேட்கிறார்கள். வைரஸ் மூலம் மரபணுவை ரத்த அணுக்களில் ஏற்றி ரத்தப் புற்றுநோயைத் தாக்கும் நெக்ஸ்கார்19 சிகிச்சை 2023-இல் அனுமதி பெற்றது. அதை உருவாக்கியவை பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும். இரண்டும் பொதுப்பணத்தில் நடப்பவை. அதற்கும் விலை பல லட்சம்! கட்டியின் ரத்தக்குழாயை அழிக்கும் மரபணுவை வைரஸில் ஏற்றி அனுப்பும் முயற்சி 2022-இல் ஒரு பெரிய சோதனையில் பலிக்கவில்லை. நாளை பலிக்கலாம். அன்று அது யாருக்கு?

ஆகவே நாம் கோருகிறோம்: 84-வது பிரிவு ஏட்டோடு நிற்கக்கூடாது. பொதுப்பணத்தில் பிறந்த சிகிச்சை பொதுச்சொத்தாக வேண்டும். ஆசாரிப்பள்ளம் முதல் எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் இம்மருந்துகள் தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். சங்கக் கூட்டம் ஒவ்வொன்றிலும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக்குங்கள், தோழர்களே!