ஃபைன் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா?

"குடிச்சுட்டு ஓட்டி ஆந்திராவுல மாட்டினா என்ன சார், ஃபைன் கட்டிட்டு வந்துக்கிட்டே இருக்கலாம்." திருப்பதிக்கு வண்டி எடுக்கும் நம்மவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வது இது. இதை நம்பிப் போய், வழக்கென்று வந்தபின் தடுமாறுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஹெல்மெட் போடாததற்குச் சாலையிலேயே பணம் கட்டி ரசீது வாங்கலாம். குடித்துவிட்டு ஓட்டியதற்கு அந்த வழி கிடையாது. சாலையிலேயே அபராதத்தோடு முடிக்கக்கூடிய குற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு பட்டியலிடுகிறது. குடிபோதைக்கான 185-வது பிரிவு அதில் இல்லை. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். சாலையோரம் யாராவது "இங்கேயே முடிச்சுக்கலாம்" என்றால் அதற்குப் பெயர் லஞ்சம். கொடுப்பதும் குற்றம்.

"நம்மளுது தமிழ்நாட்டு லைசென்ஸ், அவங்க என்ன பண்ண முடியும்?" நாடு முழுக்கச் செல்லும் உரிமம், பறிபோனாலும் நாடு முழுக்கத்தான் பறிபோகும். 2019 திருத்தத்துக்குப் பின், இந்தக் குற்றத்தில் காவலர் உரிமத்தைக் கைப்பற்றித் தகுதிநீக்க நடவடிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்பதே சட்டம். கால் டாக்ஸியும் லாரியும் ஓட்டிப் பிழைப்பவருக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி.

அடுத்தது, "ராத்திரி குடிச்சது, விடிஞ்சா இறங்கிடும்." இதில்தான் நல்லவர்களும் மாட்டுகிறார்கள். வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் ஏறத்தாழ 125 மில்லிகிராம் வரை போகும். மணிக்குச் சுமார் 15 இறங்கும். இரவு 12 மணிக்குக் குடித்து, 4 மணிக்குத் தலைக்குக் குளித்து, நெற்றியில் நாமமிட்டுக் கிளம்புகிறவரின் உடம்பில் அப்போதும் 60-க்கு மேல் இருக்கும். குளித்தாலும் காபி குடித்தாலும் அது குறையாது. ரேணிகுண்டாவிலோ சந்திரகிரியிலோ ஊதச் சொன்னால், "நான் தெளிவாத்தானே இருக்கேன்" என்ற வாதம் எடுபடாது. பின்சீட்டில் குழந்தைகளும் பாட்டியும் உட்கார்ந்திருக்கும் வண்டி அது.

ஊதவே மறுத்துவிடலாம் என்பவர்களும் உண்டு. மறுத்தால், குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கும்போது வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். தக்க காரணமில்லாத மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்ப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவும் 205-வது பிரிவு இடம் தருகிறது.

இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்ற எண்ணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் பதில் சொன்னது. 2007-இல் டெல்லி இந்தியா கேட் அருகே மோதி நொறுங்கிய போர்ஷே கார் வழக்கு. மூச்சுப் பரிசோதனை நடக்கவில்லை. ஆனாலும் மற்ற ஆதாரங்களை வைத்து, ஓட்டியவர் போதையில் இருந்தார் என்ற இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வாதம் ஏற்கப்பட்டு, இழப்பீடு மறுக்கப்பட்டது.

கடைசியாக, "கோர்ட்டுல தலையாட்டிட்டா போதும், வக்கீல் எதுக்கு?" இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. தலையாட்டினால் அது குற்றத் தீர்ப்பு. இந்த வழக்கில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விட வேண்டும். இது நடந்ததா என்று கேட்க ஆள் வேண்டும். கருவி காட்டிய அளவு என்ன, எத்தனை மணிக்கு எடுத்தது என்று பார்க்க ஆள் வேண்டும். தெலுங்கு புரியாதவருக்குச் சாட்சியத்தை மொழிபெயர்த்துச் சொல்லச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதையும் வக்கீல் கேட்டுப் பெறலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அந்த உதவி உண்டு.