பெண்ணும் புரவியும்

தும்பைத் திணையிலே யானைமறம், குதிரைமறம் எனத் துறைகள் உள. களத்தில் நின்ற வீரனது மறத்தைப் பாடியதோடு அமையாது, அவனைச் சுமந்து சென்ற விலங்கின் மறத்தையும் தனித்துப் பாடவேண்டும் எனக் கண்டவர் நம் முன்னோர். புறநானூற்றுப் பாட்டுக்கள் சிலவற்றுக்குக் குதிரைமறம் துறையாக வகுக்கப்பட்டிருத்தலைக் கற்றோர் அறிவர். இத்துறையை யான் விளக்கும்போதெல்லாம், "குதிரைக்கு மறம் ஏது ஐயா? ஏறினவன் அடிக்கிறான், அது ஓடுகிறது, அவ்வளவுதானே?" என்று கேட்கும் மாணவன் வகுப்புக்கு ஒருவன் உளன்.

அண்மையில் எனக்கு வந்த கடிதம் ஒன்று அவ்வினாவை வேறொரு வகையில் மீண்டும் எழுப்பிற்று. எழுதியவர் என்னிடம் பால பண்டிதத்துக்குப் பாடங்கேட்டவர். இப்பொழுது அமெரிக்காவிலே ரெக்சாஸ் மாநிலத்திற் குடும்பத்தோடு வாழ்கின்றார். அவருடைய மகளுக்கு வயது பதின்மூன்று. ஏழு வயது தொடங்கி அயலிலுள்ள பண்ணையொன்றிற் குதிரையேற்றம் பயின்றவள், இப்பொழுது பீப்பா ஓட்டம் என்னும் போட்டியில் இறங்குகின்றாள். சுற்றத்தார், "பெண்பிள்ளைக்கு இது என்ன வேலை?" என்று முகஞ் சுளிக்கின்றனராம். "பண்டிதர் ஐயா, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். வினா ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று. பெண்மக்களைப் பெற்றோரும் கற்பிப்போரும் சிந்தித்தற்குரியது. ஆதலின் என் கருத்தை இங்கு எழுதத் துணிந்தேன்.

முதற்கண் அவ்வோட்டம் யாதென அறிதல் வேண்டும். மண்ணரங்கு ஒன்றில் மூன்று பீப்பாக்கள் முக்கோணமாக நிறுத்தப்படும். முதலிரு பீப்பாக்களுக்கும் இடையே 90 அடி; அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி; தொடக்கக் கோட்டிலிருந்து முதலிரண்டுக்கும் 60 அடி. அரங்கு சிறிதாயின் இவ்வளவுகளும் சுருங்கும். குதிரை விரைந்து புகுந்து, ஒவ்வொரு பீப்பாவையும் சுற்றி, மூன்றாவதைச் சுற்றியதும் நேரே கோட்டை நோக்கி மீளவேண்டும். ஒருமுறை வலமாகவும் இருமுறை இடமாகவும் திரும்பலாம், மாறியுந் திரும்பலாம். சென்ற வழியை வரைந்து பார்ப்பின் வில்வத்தின் மூவிலை போலத் தோன்றும். ஒரு பீப்பா விழுந்தால் எடுத்த நேரத்தோடு 5 விநாடி கூட்டப்படும். வழி பிழைத்தாலோ அவ்வோட்டம் கணக்கில் இல்லை. முழு அளவான அரங்கிலே தேர்ந்தோர் 17 விநாடி அளவில் இதனை முடிப்பர். வென்றவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள வேறுபாடு சிலவேளை ஒரு விநாடியின் நூற்றிலொரு கூறேயாம். அவ்வாறாயின் 5 விநாடித் தண்டம் எத்துணைப் பெரிது என்பது சொல்லாமலே விளங்கும்.

பதினேழு விநாடியில் முடிவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். விரைந்து ஓடுதல் குதிரைக்கு இயல்பு. ஓட்டத்தின் உச்சத்திலே தன்னை அடக்கித் திரும்புதல் கல்வி. இவ்வோட்டத்துக்குப் பெரிதும் பயன்படுவது குவாட்டர் குதிரை என்னும் இனம். கால் மைல் தூரத்தை மிக விரைந்து ஓடுவதனால் அப்பெயர் பெற்றது. அத்தகைய விரைவுடைய குதிரையையும் தொடக்கத்தில் ஓடவிடுவதில்லை. பீப்பாக்களைச் சுற்றி நடத்துவர், பலநாள் நடந்தபின் மெல்லோட்டம், அதன்பின்னரே விரைவோட்டம். வலப்புறந் திரும்பும்போது வலது முன்னங்காலும், இடப்புறந் திரும்பும்போது இடது முன்னங்காலும் முந்தி நிற்றல் வேண்டும். ஒரு பீப்பாவிலிருந்து மறு பீப்பாவுக்குச் செல்லும் ஓட்டத்தினிடையே, நில்லாமலே கால்மாற்றிக்கொள்ளக் குதிரை பழகவேண்டும். குதிரையின் கதி ஐந்து எனப் பகுத்துப் பெயரிட்ட நம் நூலோர் இதனைக் கண்டிருப்பின் இதற்கும் ஒரு பெயர் இட்டிருப்பர்.

ஏறுபவள் கற்கவேண்டியது இன்னும் நுட்பமானது. பீப்பாவைப் பாராதே, போகவேண்டிய வழியைப் பார் என்பது அங்கே ஆசிரியர் முதற்பாடமாகச் சொல்வது. கண் பீப்பாவின்மேற் சென்றால் உடல் அப்பக்கம் சாயும், உடல் சாய்ந்தால் குதிரையும் அதனோடு ஒட்டிச் செல்லும், பீப்பா விழும். அச்சத்தோடு ஏறினால் அதன் உடலும் இறுகும். சினங்கொண்டு கடிவாளத்தை வலித்தால் தலையை உயர்த்தி மறுக்கும். முகமன் அதனிடம் செல்லாது. தந்தையின் பதவியை அது அறியாது. அதிகாலையில் எழுந்து தண்ணீரும் புல்லும் வைத்து, குளம்பைத் தூக்கித் துப்புரவு செய்து, ஓடியபின் கால்களை நனைத்து ஆற்றிய கைக்கே அது நாளடைவில் இணங்கும். ஒரு சிறுமி பத்து அறநூல்களிற் படிக்கவேண்டிய பொறுமையை ஒரு விலங்கினிடத்திலே கற்றுக்கொள்வாளாயின், அதனைப் பெண்மைக்கு இழுக்கு என்பார் பெண்மை என்று எதனைக் கருதினர் என்பது எனக்கு விளங்கவில்லை.

இவ்வோட்டம் பிறந்த கதையை அறிந்தால் இவ்வையம் பின்னும் தெளியும். மாடு மேய்ப்போரின் தொழிற்றிறங்கள் போட்டியாக வளர்ந்ததே றோடியோ என்னும் விழா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விழாக்களிற் பெண்களும் முரட்டுக் குதிரை ஏறினர். 1929ஆம் ஆண்டு ஒரிகன் மாநிலத்துப் பென்டில்டன் விழாவிலே பொனி மக்கரல் என்னும் வீராங்கனை குதிரையிலிருந்து வீழ்ந்து, அக்காயத்தால் இறந்தார். அவ்விழாவிற் பெண்களுக்கு அப்போட்டி அதன்பின் இல்லாமற் போயிற்று. அரங்கில் ஆண்களும் இறந்ததுண்டு. அவர்களுக்கு அரங்கு மூடப்படவில்லை. பின்னர்ப் பெண்களுக்குக் கிடைத்த இடம் எத்தகையது? 1931இல் ரெக்சாஸ் மாநிலத்து ஸ்ராம்போர்ட் என்னும் ஊர் விழாவுக்கு அயலூர்கள் தத்தம் சார்பில் ஒரு பெண்ணை அனுப்பின. குதிரையைச் செலுத்தும் திறம் நோக்கப்பட்டதெனினும், அவள் உடையின் பொலிவும் குதிரையின் தோற்றமும் சேர்த்தே மதிப்பிடப்பட்டன.

இங்கேதான் என் கருத்தின் உயிர்நிலை இருக்கின்றது. உடைக்குப் புள்ளியிடுவோர் கண்ணையே நம்பி இடுவர்; அக்கண்ணிலே விருப்பும் உண்டு, வெறுப்பும் உண்டு. அவ்வகை மதிப்பீட்டில் தோற்றவள், தன்னிடம் எது குறைந்தது என்று அறியமாட்டாள். மூன்று பீப்பாவும் ஒரு கடிகாரமும் வந்தபின் நிலைமை மாறிற்று. யார் மகள், என்ன நிறம், சட்டை புதியதோ பழையதோ என்று கடிகாரம் கேட்பதில்லை. தோற்றவளும் எந்தப் பீப்பாவில் எவ்வளவு பிந்தினேன் என்று தானே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

இம்மாற்றத்தைப் பெண்கள் தாமே முயன்று நிலைபெறச் செய்தனர். 1948இல் ரெக்சாஸ் மாநிலத்துச் சான் அஞ்சலோ நகரில் 38 பெண்கள் கூடித் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். விதிகளை வகுத்தனர், ஒழுங்கான போட்டிகளையும் உரிய பரிசையும் வேண்டினர். 1981இல் பெயர் மாற்றம் பெற்ற அச்சங்கம் இன்றும் இயங்குகின்றது. 1967இல் பீப்பா ஓட்டம் ஒக்லகோமா நகரில் நிகழ்ந்த தேசிய இறுதிப் போட்டியில் இடம் பெற்றது. அவ்விறுதிப் போட்டியில் ஆண்களுக்கு நிகரான பரிசுத்தொகை கிடைத்ததோ 1998இல். சங்கம் அமைத்து ஐம்பது ஆண்டு சென்றது.

அவ்வரங்கிலே புகழ் நாட்டியவர் நியூ மெக்சிக்கோ மாநிலத்துக் கிளேற்றன் ஊரைச் சேர்ந்த சார்மெயின் ஜேம்ஸ். 1984இல் அவர் உலக வெற்றியாளர் ஆனபொழுது வயது 14. அதுமுதல் 1993 வரை 10 ஆண்டும் இடைவிடாது அப்பட்டத்தை அவரே பெற்றார். அவரைச் சுமந்த குதிரை ஸ்கம்பர். கொழுக்கவைக்கும் மாட்டுப்பட்டியிலே தொழில் செய்து, பெருவிலை பெறாது கைமாறிய குதிரை அது. 1985இல் லாஸ் வேகாஸ் நகரிலே நடந்த இறுதிப் போட்டியின் ஒரு சுற்றில், அரங்கினுட் புகும்போதே அதன் கடிவாளம் கழன்றது. இடையில் நிறுத்த வழியில்லை. கடிவாளம் பற்றி வழிநடத்தும் வாய்ப்பு இன்றியே ஸ்கம்பர் மூன்று பீப்பாக்களையும் சுற்றி வந்தது. அச்சுற்றின் வெற்றியும் அதற்கே கிட்டிற்று. அடிப்பதனால் ஓடுகின்றது என்னும் மாணவனுக்கு இனி யான் கூறக்கூடிய விடை இதுவே. வழியை அறிந்து, ஏறியவளை நம்பி, தானே ஓடிய அவ்வோட்டத்துக்குக் குதிரைமறம் என்பதன்றி வேறு பெயர் உண்டோ?

இனி, மறுப்போர் கூற்றுக்களையும் நேரே நோக்குதல் முறை. இடர் உண்டு என்பர். உண்மையே, ஏறியவர் எவரும் ஒருநாள் வீழ்வர். ஆயின் அதற்கு மருந்து தடுத்தலன்று, காப்புச் செய்தல். அவ்விளையாட்டிற் பெரியோர் பலர் தலைக்கவசமின்றி அகன்ற தொப்பியோடு ஓடுகின்றனர். அது அந்நாட்டு மரபின் அழகு. மரபழகைவிட மண்டையோடு பெரிது. என் மாணவருக்கு யான் எழுதிய முதல் நிபந்தனை தலைக்கவசமே.

செலவு மிகுதி என்பர். அதுவும் உண்மை. குதிரை வாங்குதல் ஒருநாட் செலவு. தீனி, இலாடம், மருத்துவம், ஊர்தி என்பன நாடோறும் வருவன. தகுதிக்கு மிஞ்சிக் கடன்பட்டு மகளை ஓடவிடும் தந்தை அவளுக்கு நன்மை செய்தவராகார். தோற்ற நாளில் அக்கடனும் அவள் தோளில் ஏறும்.

இவ்விரண்டினும் வலியது மூன்றாவது மறுப்பு. அது குதிரையின் பொருட்டு எழுவது. நூற்றிலொரு கூறு விநாடிக்காகச் சவுக்கும் குதிமுள்ளும் அளவிறந்து பாய்வதுண்டு. முதிராத கால்கள் அளவுக்கு மிஞ்சி உழைப்பதுண்டு. அத்தகைய கொடுமையைத் தண்டிக்கும் விதிகள் உள்ளன எனினும், விதி காணாத இடம் பயிற்சிக்களம். யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. வெற்றியின் ஆசை எந்நாட்டிலும் முதலில் வாயில்லாத சீவனின் முதுகிலேதான் இறங்குகின்றது. கடிகாரத்தை யான் மேலே புகழ்ந்தேன். அதன் குறையும் இதுவே. அது நேரத்தை அறியும். குதிரையின் விலாவிலுள்ள புண்ணை அறியாது. நடுவுநிலைமை அதற்கு உண்டு, அருள் இல்லை. அருளை ஆசிரியரும் பெற்றோருமே கொடுத்தல் வேண்டும். ஓடி முடிந்ததும் "எத்தனை விநாடி?" என்று கேட்குமுன், "குதிரை நலமா?" என்று கேட்கும் தந்தை ஒருவர் இருப்பாராயின், அச்சிறுமி இரண்டையும் கற்பாள்.

இது குதிரையில்லாத நமக்கும் பொருந்தும். நம் பாடசாலைகளிலே பெண்பிள்ளைகளைத் தோற்றத்தைக் கொண்டு மெச்சும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. பேச்சுப்போட்டியிலே பேச்சிலும் பார்க்கச் சேலைக்குப் பாராட்டுச் சொல்லும் நடுவரை யான் பலமுறை கண்டிருக்கின்றேன். அவர்களுக்கு வேண்டியது கண்கூடான ஓர் அளவுகோல். முயன்றால் எட்டலாம், தவறினால் எங்கே தவறினேன் என்று காணலாம் எனும்படியான அளவுகோல். பரீட்சை அத்தகையதாக அமைதல் வேண்டும். அதே வேளை, ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசிற் புள்ளிக்காகப் பத்து வயதுப் பிள்ளையை இரவு பகலாக விரட்டும் நாம், கையிலே சவுக்குப் பிடித்திருக்கின்றோமோ என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவருக்கு யான் எழுதிய விடை சுருக்கமானது. மகள் ஓடட்டும். தலைக்கவசம் அணியட்டும். பாடத்தை முடித்து ஓடட்டும். குதிரைக்குத் தீனி வைக்காத நாளில் ஓடவேண்டாம். உறவினர் மீண்டும் கேட்பின், அவர்களையும் ஒருநாள் அரங்குக்கு அழைத்துச் சென்று காட்டுக.