பெரட்டுக்களத்துக்கு டிக்கெட்டா?

செனாவாங் பக்கம் ஒரு பழைய தோட்டத்தை அப்படியே எழுப்பி, சுற்றுப்பயணிகளுக்குப் பால் வெட்டிக் காட்டினால் நம் வரலாறு பிழைச்சுக்கும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மரம் நின்ற இடத்தில் தொழிற்பேட்டையும் தாமானும் வந்துவிட்ட ஊர். ஆசை புரிகிறது. ஆனால் எதை எழுப்பப் போறீங்க?

அமெரிக்காவின் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் கிராமம் 1946-இலிருந்து நடக்கிறது. 1830-களின் உடுப்பில் ஆட்கள் உழுவார்கள், ரொட்டி சுடுவார்கள். அது சொந்த நிலத்துக்காரனின் பண்ணை. லயத்துக்கு அந்த அச்சு பொருந்தாது.

முதலில் நூற்றாண்டையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது 1877-இல், மொத்தம் 22. மலாக்காவில் டான் சே யான் வியாபாரத்துக்காக நட்டது 1896-இல். அதற்கு முன்பே செபராங் பிறையில் கரும்புக்கும், பிறகு காப்பிக்கும் நம் ஆட்கள் முதுகொடிந்தாயிற்று. 19ஆம் நூற்றாண்டு என்று போர்டு மாட்டி, நிரை நிரையாகப் பால்மரத்தைக் காட்டினால் அது பொய்.

மங்கும் வாளியும் காண்டாவும் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாகத்தான் இருக்கும். கப்பல் செலவைக் கடனாக எழுதிச் சம்பளத்தில் பிடித்த கணக்கை எங்கே வைப்பீர்கள்? ஒப்பந்தத்தை மீறி ஓடியவனுக்குச் சட்டப்படி சிறை. ஒப்பந்த முறையை நிறுத்த 1910 ஆனது. அதோடு கூடவே ஓடிய கங்காணி முறையில், பெரட்டுக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு. தலை எண்ணுகிற அந்தக் காலைப்பொழுதை யார், யார் முன்னால் நடித்துக் காட்டுவது?

இலங்கையைப் பாருங்கள். கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம்: பழைய இயந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லர், மேல்மாடியில் தேநீர். கம்பளைக்குப் பக்கத்திலோ லயன் அறைகளையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். சின்னதுதான். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது. சம்பளச் சீட்டு, தோட்டப் பள்ளிப் பதிவேடு, கோயில் கணக்கு, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டியின் குரல். இதற்கு மரமும் வேண்டாம், துரை பங்களாவும் வேண்டாம். தாமான் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். அவர்கள் இருக்கும்போதே தட்டணும்.

இன்னொன்று. துரை வேஷத்துக்கு ஆள் சுலபமாகக் கிடைக்கும். கூலி வேஷத்துக்கு? இன்று இந்த நாட்டுத் தோட்டங்களில் ஏஜெண்டுக்குக் கடன் பட்டு வந்த வங்காளதேசிகள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய தங்குமிடத்துக்கு உங்கள் சுற்றுலாப் பேருந்து போகுமா?