சரிபாதியாய்ப் பிளந்த நாடு

போலந்தில் 2025 ஜூன் 1 அன்று நடந்த அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89 சதவீத வாக்குகளுடன் வென்றார். வார்சா மேயர் ட்ஷஸ்கோவ்ஸ்கிக்குக் கிடைத்தது 49.11. தேவாலயத்தின் செல்வாக்கு, கருக்கலைப்புச் சட்டம், நீதிமன்றச் சீர்திருத்தம் என எதைத் தொட்டாலும் நாடு இரண்டுபடுகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில், எதிர்பாராத விருந்தாளிக்கென ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பது அம்மக்களின் மரபு. அதே மேசையில் உறவினர்கள் அரசியல் பேசத் தயங்கும் நிலை வருந்தத்தக்கது.

2019 ஜனவரியில் கதான்ஸ்க் நகர மேயர் அடமோவிச், அறக்கொடை நிகழ்ச்சி மேடையிலேயே கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அந்த மரணத்துக்குப் பிறகும் வசைபாடும் அரசியல் ஓயவில்லை. கருத்து வேறுபாடு ஜனநாயகத்தின் உயிர். பகைமை அதன் நஞ்சு. இரு தரப்புத் தலைவர்களும் முதலில் தங்கள் நாவை அடக்க வேண்டும்.