செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

வாழ்க்கையில் பிடிப்புத் தருவது எது என்று கேட்டால், பெரும்பாலோர் சின்னச் சின்ன சந்தோஷங்களைத்தான் முதலில் சொல்வார்கள். விடிகாலையில் நுரை ததும்ப ஆற்றிக் குடிக்கும் காப்பி, மாலையில் கோயில் பிராகாரத்தில் கொஞ்ச நேரம், பேரப்பிள்ளையின் மழலை. இவற்றைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இவை அத்தனையும் வேளை தவறாமல் கிடைக்கிற வீட்டில்கூட, "நான் எதுக்கு இன்னும் இருக்கேன்?" என்று ஒரு பெரியவர் சலித்துக்கொள்வதைக் கேட்காத தமிழர் யாரும் இருக்க முடியாது. பிள்ளைகள் எந்தக் குறையும் வைத்திருக்க மாட்டார்கள். மாத்திரை நேரத்துக்கு வரும், மெத்தை விரித்திருக்கும், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். இருந்தும் மனம் வறண்டு கிடக்கும். நம்மை நம்பி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் நம்மிடம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் போய்விட்டால் காப்பியின் ருசியும் போய்விடுகிறது என்பதே என் வாதம். "நீங்க சும்மா உட்காருங்க" என்று அன்போடு சொல்லிச் சொல்லியே இந்த இரண்டையும் நம் பெரியவர்களிடமிருந்து பறித்துக்கொண்டிருக்கிறோம்.

உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் காப்பகம். அதன் இரண்டு தளங்களில் இருந்த 65 முதல் 90 வயது வரையிலான 91 பேர் இதில் பங்கேற்றார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களைக் கூட்டி, "உங்கள் அறை எப்படி இருக்க வேண்டும் என்பது உங்கள் முடிவு, குறையிருந்தால் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்" என்று நிர்வாகி பேசினார். வேண்டுமென்பவர்கள் ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அதைப் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. அடுத்த வாரம் இரண்டு இரவுகளில் போடும் திரைப்படத்தை எந்த இரவில் பார்ப்பது என்பதும் அவர்கள் விருப்பம். இன்னொரு தளத்துக்கும் அதே நிர்வாகிதான் போனார், அதே அன்போடுதான் பேசினார். உங்களைச் சந்தோஷமாக வைத்திருப்பது எங்கள் கடமை என்றார். அவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். படமும் உண்டு, எந்த நாளில் என்பதை நிர்வாகம் சொல்லும். மூன்று வாரம் கழித்து, எந்தத் தளத்தில் என்ன பேசப்பட்டது என்று அறியாத செவிலியர்களிடம் கேட்டபோது, பொறுப்பு ஏற்றவர்களில் 93 சதவீதம் பேர் தேறியிருப்பதாகவும், மற்ற தளத்தில் 71 சதவீதம் பேர் முன்னைவிடத் தளர்ந்திருப்பதாகவும் மதிப்பிட்டார்கள். இன்பங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டால் இரண்டு தளத்துக்கும் வேறுபாடே இல்லை. அதே செடி, அதே படம், அதே சாப்பாடு.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில் பில் தாமஸ் என்ற இளம் மருத்துவர் இதைவிடத் துணிச்சலாக ஒன்றைச் செய்தார். சேஸ் மெமோரியல் என்ற காப்பகத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்றிருந்தார் அவர். சுமார் 80 முதியவர்கள், அவர்களில் பலர் ஊனமுற்றவர்கள், பலர் நினைவு மங்கியவர்கள். கவனிப்பில் குறையில்லை. ஆனால் சலிப்பு, தனிமை, கையாலாகாத உணர்வு ஆகிய மூன்றும் அங்கே நோயைவிட அதிகமாக ஆளை அரிப்பதாக அவர் கண்டார். 1991இல் காப்பகத்துக்குள் இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு சின்னக் கிளிகள் வந்து சேர்ந்தன. புல்தரை காய்கறித் தோட்டமானது. ஊழியர்களின் குழந்தைகள் பள்ளி விட்டதும் அங்கே வந்து விளையாடினார்கள். கிளிகளை முதியவர்கள் தத்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். நடக்கவே முடியாது என்று எண்ணப்பட்டவர்கள் நாயை நானே கூட்டிப் போகிறேன் என்று எழுந்து வந்தார்கள். வேறொரு காப்பகத்தோடு இரண்டாண்டுகள் ஒப்பிட்டதில், இங்கே ஒருவருக்கு எழுதப்பட்ட மருந்துகள் பாதியாகக் குறைந்திருந்தன, இறப்பு 15 சதவீதம் குறைந்திருந்தது. அதுல் கவாண்டே 2014இல் முதுமை பற்றி எழுதிய நூலில் இந்தக் காப்பகத்துக்கு நிறைய இடம் ஒதுக்கியதில் வியப்பில்லை. கிளியின் அழகைப் பார்த்து ரசிப்பது ஓர் இன்பம்தான். ஆனால் அது பசித்திருக்குமே என்ற எண்ணம்தான் ஒருவரைப் படுக்கையை விட்டு எழுப்புகிறது.

இவை சிறிய ஆய்வுகள், இவற்றை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று கேட்பது நியாயம். லாங்கரும் ரோடினும் 18 மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பொறுப்பு ஏற்ற தளத்தில் 15 சதவீதம் பேரும் மற்றதில் 30 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள் என்று எழுதினார்கள். பின்னர் அவர்களே திருத்தம் வெளியிட்டு, அந்த வேறுபாடு முதலில் சொன்ன அளவுக்கு உறுதியானதல்ல என்றார்கள். செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நானும் நம்ப மாட்டேன். ஆனால் அதே திசையைக் காட்டும் பெரிய ஆய்வுகளும் உண்டு. ஜப்பானின் ஒசாகி பகுதியில் 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரிடம், வாழ்வதற்கான பிடிப்பு உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டு, ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, இல்லை என்றவர்களின் இறப்பு விகிதம் உண்டு என்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உடல்நலம் கெட்டவர்கள்தானே பிடிப்பில்லை என்பார்கள் என்ற ஐயம் எழும்; வயது, நோய், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகு கிடைத்த எண் இது. இன்பத்தை மட்டும் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பெரிய லாட்டரிப் பரிசு பெற்றவர்களை ஆராய்ந்து பிலிப் பிரிக்மனும் சகாக்களும் 1978இல் எழுதினார்கள்: காலை உணவு, நண்பரோடு பேச்சு, பத்திரிகை வாசிப்பு போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. வந்து கொட்டும் இன்பம் பழகிப்போகிறது. நம்மை எதிர்பார்த்து நிற்கும் ஒன்று அப்படிப் பழகிப்போவதில்லை, நாளைக்கும் அதற்கு நாம் வேண்டும்.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்துகிறோம். வண்டிகள் அதிகம், விழுந்துவிட்டால்? அடுத்து அடுப்படி, அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, கேஸைத் திறந்து வைத்துவிட்டால்? பிறகு பணம். வங்கிக் கணக்கு மகனின் கைபேசிக்குப் போய்விடுகிறது. கோயில் உண்டியலில் போடப் பத்து ரூபாய்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கீரை ஆய்வது, பூ கட்டுவது, வடகம் காயவைத்துக் காக்காய் விரட்டுவது, பால் கணக்குப் பார்ப்பது என்று வயதானவர்கள் பொறுப்பில் இருந்த வேலைகள், ஆய்ந்த கீரையாகவும் கட்டிய பூவாகவும் பொட்டலத்தில் வந்து இறங்குகின்றன. திண்ணை இருந்தபோது தெருவில் போகிறவரை யாரென்று விசாரிப்பதாவது அவர் பொறுப்பாக இருந்தது. அடுக்குமாடியில் அதுவும் காவலாளியின் வேலை. ஒவ்வொரு முடிவும் தனித்தனியே பார்த்தால் அக்கறையில் எடுத்ததுதான். எல்லாம் சேரும்போது, அந்த வீட்டில் அவர் இல்லாவிட்டால் நின்றுபோகிற காரியம் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. அதை நமக்கு முன்னால் அவர்தான் உணர்கிறார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தோர் 10.4 சதவீதம், 2021க்கான மதிப்பீடு 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். நான் சொல்வது ஏதோ சில வீடுகளின் கதையல்ல.

வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு ஓய்வுகூடக் கூடாதா என்ற கேள்வியை நான் மிக மதிக்கிறேன். அதிலும் ஏழைகள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். எழுபது வயதில் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்குகிறவரிடம் போய்ப் பொறுப்பின் பெருமையைப் பேசுவது கொடுமை. அவருக்குத் தேவை பணம், அதன் வழியாக வரும் ஓய்வு. மாநில முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதில் 60 முதல் 79 வயதுள்ளவர்களுக்கான ஒன்றிய அரசின் பங்கு பல்லாண்டுகளாக 200 ரூபாயிலேயே நின்றுவிட்டது வெட்கக்கேடு. வயிற்றுப்பாட்டுக்காக உழைக்கும் கட்டாயத்தையும் விரும்பி ஏற்கும் பொறுப்பையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு அந்தக் கனெக்டிகட் காப்பகத்து ஆய்விலேயே விடை இருக்கிறது. அங்கே செடியை வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இருந்தது. மகள் பிரசவத்துக்கு என்று விமானம் ஏற்றப்பட்டு, மொழி தெரியாத ஊரில் ஆறு மாதம் குழந்தை பார்க்கும் அம்மாக்களுக்கு அந்த உரிமை இருந்ததா என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்ள வேண்டும். பொறுப்பு என்ற பெயரில் சம்பளமில்லாத ஆயாவாக ஒருவரை ஆக்குவதற்கு இந்தக் கட்டுரையை யாரும் துணைக்கழைக்க முடியாது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. படுத்த படுக்கையாகிவிட்டவர், தன் பெயரையே மறந்துவிட்டவர், யாருக்கும் எதுவும் செய்ய இயலாதவர், இவர்களுடைய வாழ்க்கை வாழத்தக்கதில்லையா? பயன் இருந்தால்தான் மனிதருக்கு மதிப்பு என்று சொன்னால் அதைவிட ஆபத்தான பேச்சு இல்லை. நான் சொல்வது பிறருக்குக் கிடைக்கும் பயனை அல்ல. ஒரு கிளிக்குத் தானியம் வைப்பதால் ஊருக்கு என்ன ஆதாயம்? எதுவுமில்லை. அதைச் செய்கிறவர் இன்னும் தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறார், அதுதான் அதில் இருக்கிறது. எனவே எழ முடியாதவருக்கும் இது பொருந்தும். ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா, இன்று எந்தச் சட்டை, வந்திருப்பவரைப் பார்க்கலாமா வேண்டாமா என்பதை அவரிடம் கேட்கலாம். பேச்சு நின்றவரும் கண்ணால் சொல்வார். நினைவு முற்றிலும் மங்கிய நிலையில் இதுவும் முடியாமல் போகலாம். அப்போது மிஞ்சுவது நம் அன்பும் கடமையும் மட்டுமே, அங்கே என் வாதத்துக்கு வேலையில்லை.

சட்டம் இந்தத் திசையில் யோசித்ததாகவே தெரியவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று கணக்கிடுகிறது. கைவிடப்பட்டவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் இந்த நான்கும் குறைவின்றிக் கிடைக்கும் காப்பகத்தில், காலை ஆறு மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டி, வரிசையில் உட்காரவைத்து, எட்டு மணிக்கு விளக்கணைக்கும் ஒழுங்கு நடந்தால், எந்த ஆய்வு அதிகாரியும் குறையெழுத மாட்டார். சாப்பாட்டுப் பட்டியலை யார் முடிவு செய்கிறார்கள், அறைக்குத் தாழ்ப்பாள் யார் பக்கம் இருக்கிறது, தோட்டம் யாருடையது என்ற மூன்று கேள்விகளை ஆய்வுப் படிவத்தில் சேர்க்க ஒரு ரூபாய் செலவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 60 வயது கடந்தவர்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டம் நடந்தது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளும், நாள் முழுக்க என்ன செய்வதென்று அறியாத ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஒரே தெருவில் வாழும் நம் ஊர்களில் அதற்குத் தடை என்ன?

ஒரு தடை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ரிச்சர்டு ஷூல்ஸ் 1976இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் முதியவர்களைப் பார்க்கப் போனார்கள். எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று தாங்களே முடிவு செய்த முதியவர்கள் உடலிலும் மனதிலும் தேறினார்கள். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் போய்விட்டார்கள். 1978இல் ஷூல்ஸும் பார்பரா ஹனுசாவும் அதே முதியவர்களைத் திரும்பப் பார்த்தபோது, நன்றாகத் தேறியிருந்த அவர்கள் செங்குத்தாகச் சரிந்திருந்தார்கள். யாருமே பார்க்க வராதவர்களிடம் அப்படிப்பட்ட சரிவு இல்லை. கொடுத்துவிட்டுப் பறிப்பது கொடுக்காமலே இருப்பதைவிட மோசம். மூன்று மாத முன்னோடித் திட்டம், முதியோர் தினமான அக்டோபர் 1 அன்று சால்வை போர்த்திப் படம் எடுக்கும் விழா என்ற நம் வழக்கத்தோடு இதை வைத்துப் பாருங்கள். பள்ளிக்கு முதியவர்களை அழைக்க நினைக்கும் துறை, ஐந்தாண்டுக்கான பணத்தையும் ஆளையும் ஒதுக்கிவிட்டு அழைக்கட்டும். அதற்கு வழியில்லாத காப்பகமும் வீடும், நிறுத்தத் தேவையே வராத காரியங்களில் தொடங்கலாம். நாளைக்கு என்ன சமைப்பது என்று இன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டு, அவர் சொன்னதையே சமைக்கலாம். அப்பாவின் உதவித்தொகையை அவர் கையிலேயே கொடுத்து, எதற்குச் செலவு செய்தார் என்று கேட்காமல் இருக்கலாம்.